ஸ்கீட் கடைக்கு எதிரே ஒரு கட்டில்

கார்மெட்டா ஸ்கீட்டின் கணக்கில் மதிக்கத்தக்க மனிதர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் செத்துப்போன அவள் அப்பா. இன்னொருவர் அவளே. ஆண்டவரைக்கூட ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, இந்த வாரம் நீர் என்ன கிழித்தீர் என்று கேட்பதுபோலத்தான் பார்ப்பாள். மற்ற ஜனங்களெல்லாம் அவளிடம் கடன் சொல்ல வந்த கூட்டம்.

அப்படி நினைக்க அவளுக்குக் காரணமும் இருந்தது. கிரிகரி தோட்டத்துக் குடியிருப்பில் சொந்தமாக மண் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அவள் அப்பா பனாமாவில் கால்வாய் வெட்டி, காய்ச்சலில் பாதி உடம்பைக் கரைத்து, மீதியோடு பார்படோஸுக்குத் திரும்பி வந்து, கொண்டுவந்த காசில் ரோட்டோரமாக அரை ஏக்கர் வாங்கிக் கடை போட்டார். முன்னால் மளிகை, பக்கத்து அறையில் ரம். வாசலில் பஸ் நின்றது. நின்ற இடத்துக்கு ஸ்கீட் கடை என்றே பேர் வந்தது. கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் "ஸ்கீட் கடை, ஸ்கீட் கடை" என்று கத்தும்போது, உள்ளே தராசுக்குப் பின்னால் நிற்கும் கார்மெட்டாவின் முதுகு ஒரு விரற்கடை நிமிரும். கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் அவள் செய்துகொள்ளவில்லை. அந்தப் பேர் போதும் என்றிருந்தாள்.

மற்றவர்கள் நிலைமை வேறு. தரை தோட்டத்துக்காரனுடையது, மேலே நிற்கும் வீடு மட்டும் நம்முடையது. பவளக்கல்லை அடுக்கி அதன்மேல் பலகை வீட்டைத் தூக்கி வைத்திருப்போம். காலி பண்ணு என்றால் சுவர் சுவராகக் கழற்றி, லாரியில் ஏற்றி, வேறிடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். வீடு நகர்கிற நாளில் ஊரே தோள் கொடுக்கும். கூலி என்று எவனும் வாயெடுக்க மாட்டான். வீட்டுக்காரன் ரம்மும் சாப்பாடும் போட வேண்டும், அவ்வளவுதான் முறை.

கடையில் நன்றாக விற்றது கருவாடு. கனடாவிலிருந்து பெட்டியில் வரும், உப்புப் பூத்து, அட்டைபோல் காய்ந்து. வெள்ளிக்கிழமை கடையைச் சாத்தியபின் கார்மெட்டா அதன்மேல் ஈரச்சாக்கைப் போர்த்துவாள். சனிக்கிழமை காலையில் கருவாடு கொழுகொழுவென்று இருக்கும், தராசுத் தட்டும் நன்றாகத் தாழும். இது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் அவள் கடையில் பாக்கி இருந்தது. கருவாடு விற்ற காசு நாறாது என்பார்கள். வாங்குகிறவர்களும் மூக்கைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

வாய் திறந்தவன் டார்ன்லி பாய்ஸ்.

இவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கிடைத்தால் சொல்லலாம். கிடைத்தால்தானே. கார்மெட்டாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வேலை என்றால் காத தூரம் ஓடுவான். கரும்பு வெட்டும் பருவத்தில், தோட்டத்துத் தரை வாடகைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வெட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ரம்பத்தை இரவல் கொடுத்தால் பிடி திரும்பி வராது. பிடி வந்தால் பல் இருக்காது. ஆனால் வெள்ளைச் சட்டை மட்டும் இஸ்திரி கலையாமல் இருக்கும். ஐம்பது வயசுக்கு அவன் சேர்த்த சொத்து அந்தச் சட்டையும் நாக்கும்தான். வீடுகூட அவன் அம்மா விட்டுப்போனது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு சாய்ப்பு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், கடைக்கு நேர் எதிரே. அவனை ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவன் பேச்சைக் கேட்க மட்டும் எல்லாருக்கும் பிடிக்கும்.

நாடு சுதந்திரம் வாங்கின மறுவருஷம், ஒரு சனிக்கிழமை, பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் நடுவில் அவன் சொன்னான்.

"கார்மெட்டா கருவாடா விக்கிறா? ஈரச்சாக்க விக்கிறா. ரெண்டு பவுண்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு பவுண்டு ரோட்டுல சொட்டிப்போகுது. பின்னாடியே நடந்து பாருங்க, கால் நனையும்."

கூட்டம் சிரித்தது. அவன் சொன்னதைக்கூட கார்மெட்டா பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் கடன் வாங்கித் தின்கிற ஜனம், தன் அப்பா பேர் சொல்லி பஸ் நிற்கிற இடத்திலேயே பல்லைக் காட்டிவிட்டது. திங்கட்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனாள். வக்கீலைப் பிடித்து மானநஷ்ட வழக்குப் போட்டாள்.

டார்ன்லிக்கு வக்கீல் வைக்கப் பணம் கிடையாது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக் கெட்டூராவைக் கூப்பிட்டான். கெட்டூரா ஊருக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறவள். வாராவாரம் அந்தக் கருவாட்டைத் தன் கையாலேயே பிழிந்து, வடிந்த தண்ணீரை வாசலில் கொட்டினவள். கூண்டில் ஏறி நின்று, எதிரே உட்கார்ந்திருந்த கார்மெட்டாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. எங்க வீட்ல கருவாடே வாங்குறதில்ல."

சொல்லிவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு பவுண்டு கருவாடு கடன் சொல்லி வாங்கினாள். எங்கள் ஊர் வீரம் அவ்வளவுதான்.

தீர்ப்பு கார்மெட்டா பக்கம் வந்தது. நஷ்டஈடு முந்நூறு டாலர். நீதிபதி டார்ன்லியைப் பார்த்து, எப்போது கட்டுகிறாய் என்று கேட்டார்.

"ஐயா, முந்நூறு டாலர் என்ன கலர்ல இருக்கும்னு யாராச்சும் காட்டினா, எங்கயாச்சும் பாத்திருக்கேனான்னு யோசிச்சுச் சொல்றேன்."

கோர்ட்டும் சிரித்தது. கார்மெட்டாவின் கையில் டிக்ரி இருந்தது, காதில் இரண்டாவது சிரிப்பும் இருந்தது. வெளியே வந்ததும் வக்கீல் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ் ஸ்கீட், ஜெயிச்சாச்சு. உங்க பேரும் நின்னாச்சு. இதோட விட்டுடுங்க. இல்லாதவன் மேல வாங்கின டிக்ரி ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு ஆகாது."

"அவன்கிட்ட வீடு இருக்கே."

"குடியிருக்கிற வீடும்மா அது."

"பலகைதானே. கழட்டினா வந்துடும். எனக்குக் காசு வேணாம் சார். என் கடை வாசல்ல நின்னு என்ன ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா அவனுக்கு என்ன ஆகும்னு இந்தப் பஞ்சப் பரதேசிக் கூட்டத்துக்குத் தெரியணும்."

வக்கீல் தோளைக் குலுக்கிவிட்டு மனு எழுதினார். அவருக்கு என்ன, அதற்கும் ஃபீஸ் உண்டு.

ஜப்திக்கு வந்த கோர்ட் அமீனா கமின்ஸ் ஒல்லியான மனுஷர், வயிற்றுவலிக்காரர். ஜப்திக்குப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார், குடித்தால் கை வராது என்பார். டார்ன்லி வாசற்படியில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ரோட்டில் கார்மெட்டா குடை பிடித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஊர் நின்றது. கமின்ஸ் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஒரு நாற்காலி இருக்கு, மூணு காலோட. ஒரு ரேடியோ இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

"உள்ள பல்லி இருக்கு, பாத்து எடுங்க," என்றான் டார்ன்லி.

"அப்ப வீட்டத்தான் எழுதணும். கட்டில், படுக்கை, உடுத்துற துணி, தொழில் சாமான், இதெல்லாம் நான் தொடக்கூடாது. சட்டம். உன் தொழில் சாமான் என்னப்பா?"

டார்ன்லி நாக்கை நீட்டிக் காட்டினான். பின்னாலிருந்து மூன்றாவது சிரிப்பு வந்தது. கார்மெட்டாவுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது.

"கட்டில தாராளமா விட்டுட்டுப் போங்க மிஸ்டர் கமின்ஸ். கூரையில்லாத கட்டில்ல மல்லாந்து படுத்து நட்சத்திரத்த எண்ணட்டும். தொரைக்கு வேற என்ன வேலை."

இதற்கும் சிலர் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன. டார்ன்லி மட்டும் சிரிக்கவில்லை.

"எண்றேன் கார்மெட்டா. தெனமும் காலையில எத்தனைன்னு உனக்குச் சொல்லிடுறேன்."

அடுத்த வாரம் அதே வாசலில் ஏலம். கமின்ஸ் மணியை ஆட்டினார், வீட்டின் நீள அகலத்தைப் படித்தார், கேட்கிறவர்கள் கேட்கலாம் என்றார். கூட்டம் ரோட்டை அடைத்து நின்றது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவன் கூரை ஏலத்துக்கு வந்தால் அண்டை அயலான் விலை கேட்கமாட்டான். பெரிய தர்மமெல்லாம் ஒன்றுமில்லை, நாளைக்குத் தன் கூரை என்ற பயம்தான். ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அந்த மௌனத்தைத் தன்மீதுள்ள பயம் என்று கார்மெட்டா எடுத்துக்கொண்டாள். அவள் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"அம்பது டாலர்," என்றாள்.

மூன்று தரம் சொல்லி வீடு அவளுக்கு முடிந்தது. முந்நூறில் ஐம்பது கழிந்தது, மீதி டிக்ரியில் நின்றது.

வீடு அவளுடையது, ஆனால் அது நின்ற தரையின் வாடகைச் சீட்டு டார்ன்லி பேரில் இருந்தது. ஆகவே வீட்டைக் கழற்றித் தன் நிலத்தில், கடைக்குப் பின்னால் நிறுத்தி வாடகைக்கு விடுவதாக அவள் திட்டம். சனிக்கிழமை வீடு நகர்த்த வாருங்கள் என்று கடைக்கு வந்த ஆண்களிடம் சொன்னாள். ஒருவனுக்கு முதுகு பிடித்திருந்தது. ஒருவன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒருவன் ஒன்றும் சொல்லாமல் ரம்மைக் குடித்துவிட்டு எழுந்து போனான். கடைசியில் தீவின் வடகோடியிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்தாள். போக வர லாரி, மூன்று வேளைச் சாப்பாடு, அதற்குமேல் கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வந்தவர்களுக்கு அந்த வீட்டின் முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் சாக்கட்டியால் எண் போட்டார்கள். லாரியில் ஏற்றும்போது மழை பிடித்தது. எண்ணெல்லாம் வழிந்து போனது. மறுநாள் பூட்டி நிறுத்தியபோது முன்கதவு பன்றிக்கொட்டிலைப் பார்த்து நின்றது, ஜன்னல் கடைச் சுவரில் முட்டியது. பாதிப் பலகையைக் கரையான் தின்றிருந்தது. கார்மெட்டா அதைப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு கூலியைக் கொடுத்தாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பவளக்கல் மேடை மட்டும் மொட்டையாக நின்றது. அதன்மேல் டார்ன்லியின் கட்டில். அவன் அம்மா கல்யாணத்துக்கு வந்த இரும்புக் கட்டில், பித்தளைக் குமிழ் வைத்தது. டார்ன்லி படுக்கையை விரித்தான், வெள்ளைச் சட்டையைத் தலைமாட்டில் மாட்டினான், படுத்தான். காலையில் முதல் பஸ் வந்தபோது எழுந்து உட்கார்ந்து, சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டிக் கேட்கும்படி குரல் கொடுத்தான்.

"கார்மெட்டா. நேத்து ராத்திரி நூத்திப் பதினாலு. அப்பறம் மேகம் வந்துடுச்சு."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னலுக்கு வந்தது. டிரைவர் வண்டியை எடுக்கவே இல்லை.

அன்றையிலிருந்து தினமும் அதே கூத்து. எண்ணிக்கை ஏறும், இறங்கும். நிலா வெளிச்சத்தில் சரியாக எண்ண முடியவில்லை என்று ஒரு நாள் மன்னிப்புக்கூடக் கேட்டான். மற்ற ஊர்களிலிருந்து வேலை மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து பார்த்தார்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு தகரம் கொண்டுவந்து, நான்கு கம்பு நட்டு, கட்டிலுக்குமேல் பந்தல் போட்டார்கள். அவன்மேல் பாசமா என்றால், மண்ணாங்கட்டி. கோர்ட்டில் வாயை மூடிக்கொண்டிருந்த வெட்கத்தைத் தகரம் போட்டு மூடிக்கொண்டார்கள். கெட்டூரா இரண்டு தகரம் கொடுத்தாள். தான் கொடுத்தது இரண்டு என்பதை மூன்று பேரிடம் சொல்லவும் சொன்னாள்.

அப்புறம் கடையில் டோமினோ கட்டை ஆடிக்கொண்டிருந்தவர்கள் மேஜையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் போன இடத்துக்கு ரம்மும் போனது. வேறு கடையில் வாங்கிய புட்டி. அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஜனங்கள் ஒரு மைல் நடந்து போக ஆரம்பித்தார்கள். வெயிலில் கூடையைச் சுமந்துகொண்டு, கார்மெட்டாவின் வாசலைத் தாண்டும்போது, "குட் மார்னிங் மிஸ் ஸ்கீட்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைவிடக் காறித் துப்பியிருக்கலாம்.

கார்மெட்டா சும்மா இருக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"அவன் தரையில அவன் கட்டில போட்டு அவன் படுத்திருக்கான். எந்தச் சட்டத்துல உள்ள தள்றது, மிஸ் ஸ்கீட்?" என்றார் ஏட்டு. "கட்டில விடச் சொன்னதே நீங்கதானாமே. இங்க வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

தோட்டத்து மேனேஜரிடம் போனாள். வாடகை ஒழுங்காக வருகிறது, தரைமேல் வீடு இருந்தால் என்ன, கட்டில் இருந்தால் என்ன என்றான் அவன். வீட்டை விற்கப் பார்த்தாள். பன்றிக்கொட்டிலைப் பார்த்த வீட்டை வாங்க வந்தவர்கள், எதிரே இருந்த கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வக்கீலிடம் மறுபடியும் போனாள்.

"இன்னொரு கேஸ் போடுங்க."

"போடலாம். ஜெயிச்சு எதப் பிடுங்குறது? இருந்த ஒரே வீட்டையும் எடுத்துட்டீங்க. இனிமே அவன் உங்கள என்ன வேணும்னாலும் சொல்லலாம்மா. முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?"

அந்த வார்த்தையோடுதான் அவள் டவுனிலிருந்து திரும்பினாள். பஸ்ஸில் கூட்டம். அவள் முன் சீட்டில் தொப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் புதுசு, ஏதோ வேற்றூர்ப் பையன், இவள் யாரென்று தெரியாது. கரும்புக் காட்டு வளைவு திரும்பியதும் கதவில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"கட்டில், கட்டில். கட்டில் ஸ்டாப் எறங்கு."

கார்மெட்டா இறங்கவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள், யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஸ் நின்றது, போனது. கடை ஜன்னலுக்கு வெளியே வந்தது, கடந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, குதிகால் செருப்போடு, கரும்புக்கு நடுவே செம்மண்ணில் திரும்பி நடந்தாள். பாதி வழியில் ஒரு செருப்பின் குதி ஒடிந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பனாமாவில் செத்துப் பிழைத்து அப்பா சம்பாதித்தது இந்த அரை ஏக்கர் இல்லை, அந்தப் பேர்தான் என்று அவளுக்குத் தெரியும். அதை ஒரு சோம்பேறி படுத்த வாக்கில் தின்றுவிட்டான். வழியெல்லாம் அவள் அழுதாள் என்று கரும்பு வெட்டினவர்கள் சொன்னார்கள். இருக்கலாம்.

வெறுங்காலோடு அவள் நேரே ரோட்டைக் கடந்து பந்தலுக்குப் போனாள். டோமினோ நின்றது. டார்ன்லி கட்டிலில் சாய்ந்தபடியே கட்டைகளைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"வீட்ட எடுத்துக்க," என்றாள் கார்மெட்டா.

"யாரு வீட்ட?"

"உன் வீட்டத்தான்."

"எனக்கேது வீடு? மணியடிச்சு ஊரைக் கூட்டி, அது உன் வீடுன்னு அந்த வயித்துவலிக்காரர் சொன்னாரே. மறந்துட்டியா?"

"இனாமா தர்றேன். எழுதியே தர்றேன்."

"எழுதித் தந்தா அது என்னுது ஆயிடும். என்னுது ஆச்சுன்னா மிச்ச டிக்ரிக்கு அமீனா மறுபடி வருவாரு. நான் சோம்பேறிதான் கார்மெட்டா, கிறுக்கன் இல்ல."

"மிச்சத்தையும் விட்டுடறேன்."

"விட்டா நான் உனக்குக் கடமைப்பட்டவனாயிடுவேன். இவங்க யாருக்குமே நான் இதுவரைக்கும் கடமைப்பட்டதில்ல, கேட்டுப் பாரு." ரம்பம் கொடுத்து ஏமாந்தவர்கள் தலையாட்டினார்கள். "வேணாம். உன் வீடு உன்னுதாவே இருக்கட்டும். அதக் கொண்டாந்து இங்க நிறுத்தணும்னா நிறுத்திக்க. கரையான் கிரையான் வராம நான் உள்ள படுத்துப் பாத்துக்கறேன். ஆனா தரை என்னுது. வாடகை கொடுக்கணும்."

"நான் உனக்கு வாடகை கொடுக்கணுமா?"

"வாரம் ஒரு பவுண்டு கருவாடு. சனிக்கிழமை, கூட்டம் நிக்கிற நேரத்துல, தராசுல போட்டு." ஒரு டோமினோ கட்டையை எடுத்து மேஜையில் வைத்தான். "காஞ்ச கருவாடு."

கார்மெட்டா அவனைப் பார்த்தாள். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாரும் தங்கள் தங்கள் கட்டைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்தாலும் மாட்டேன்," என்று திரும்பினாள்.

அப்போது டவுனுக்குப் போகிற பஸ் வந்தது. கண்டக்டர் கத்தினான். அவளுடைய கடைவாசலில், அவள் காது கேட்க, கட்டில் கட்டில் என்று. கார்மெட்டா ரோட்டு நடுவிலேயே நின்றுவிட்டாள். டிரைவர் ஹார்ன் அடித்தான். அவள் நகரவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"சனிக்கிழமை எத்தன மணிக்கு வருவ?"

"நான் எந்திரிக்கிற நேரத்துக்கு," என்றான் டார்ன்லி. "அப்பறம், வீடு தூக்க வர்றவங்களுக்கு ரம்மும் சோறும் உன் செலவு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

வீடு திரும்பின நாளில் யாருக்கும் முதுகு பிடிக்கவில்லை, யார் மாமியாருக்கும் நோய் இல்லை. சுவரில் எண் போட வேண்டிய அவசியமே வரவில்லை, எந்தப் பலகை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மத்தியானத்துக்குள் வீடு பழையபடி ரோட்டைப் பார்த்து நின்றது. கார்மெட்டா பெரிய பானையில் சோளமாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டினாள், பறக்கும் மீன் குழம்பு வைத்தாள், ரம் பீப்பாயைத் திறந்துவிட்டாள். வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை மூன்றாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். டார்ன்லி மட்டும் ஒரு பலகையையும் தொடவில்லை. இடுப்பு வலி என்று கட்டிலில் உட்கார்ந்து வேலை வாங்கினான்.

முதல் சனிக்கிழமை காலை, கடை நிறைய ஜனம். ஒரு மைல் நடந்து போய் வாங்கினவர்களெல்லாம் அன்றைக்கு இங்கே வந்திருந்தார்கள், உப்பு வாங்க, தீப்பெட்டி வாங்க, ஏதோ ஒரு சாக்கு. டார்ன்லி வெள்ளைச் சட்டையில் வந்து தராசுக்கு முன்னால் நின்றான். கார்மெட்டா சாக்கு போர்த்திய பெட்டியை விட்டுவிட்டு, பின்னறைக்குப் போய், உடைக்காத பெட்டியை உடைத்து ஒரு கருவாட்டை எடுத்துவந்து தட்டில் போட்டாள். அது டக்கென்று பலகைபோல் சத்தம் போட்டது. ஒரு பவுண்டு.

டார்ன்லி அதைக் கையில் எடுத்தான். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், மோந்து பார்த்தான், வளைத்துப் பார்த்தான். எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தான்.

"காஞ்சிருக்கு," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் கருவாட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனான். அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் கெட்டூரா, கோர்ட்டில் கருவாடே வாங்குவதில்லை என்றவள். அதுவரைக்கும் மிஸ் ஸ்கீட் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், கூடையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் அந்தப் பெட்டியிலேர்ந்தே போடு, கார்மெட்டா."

வெளியே பஸ் வந்து நின்றது. கார்மெட்டா பின்னறைக்குப் போனாள்.